விதித்தவர் யார்?

சயாம் ரயில்பாதையும் துன்பத்திற்குச் சொல்லப்பட்ட காரணங்களும்

ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, பாசிர் கூடாங் செல்லும் வழியில் அமைந்தது மாசாய். இன்று அங்கே வீடமைப்புப் பகுதிகளும் கடைவரிசைகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் நிறைந்திருக்கின்றன. இரண்டாம் உலக யுத்தத்திற்கு முன்னர் அவ்வட்டாரம் பால்மரக் காடாயிருந்தது. மரங்களுக்கிடையே லயங்கள், லயங்களில் தமிழர். ரிந்திங் என்ற தோட்டப் பெயர் இப்போது ஒரு தாமானுக்கும் ஒரு தமிழ்ப்பள்ளிக்கும் பெயராக நின்று, பழைய வாழ்க்கைக்குச் சாட்சி சொல்கிறது.

அக்காலத் தோட்டங்களில் எல்லாத் துன்பத்திற்கும் ஒரே சொல் விடையாக இருந்தது. குழந்தை காய்ச்சலில் இறந்தாலும், மழையால் பால்வெட்டு நின்று கூலி குறைந்தாலும், "தலையெழுத்து" என்றனர். சயாமுக்குப் போன கணவன் திரும்பாதபோதும் அச்சொல்லே வந்தது. காய்ச்சலையும் மழையையும் பற்றி அப்படிச் சொல்வது வேறு. மனிதரை வண்டியிலேற்றிக் கொண்டுபோய்ச் சாகவிட்ட செயலைப் பற்றி அப்படிச் சொல்வது வேறு. மனிதர் படும் துன்பம் ஆண்டவன் வகுத்த ஏற்பாட்டில் ஒரு பகுதியே என்று கூறி அமைதி கொள்ளலாமா? இக்கேள்வியை ஆராய, மலாயாத் தமிழரின் சரித்திரத்தில் சயாம் ரயில்பாதையைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி வேறில்லை.

மனிதர் போட்ட திட்டம்

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஐரோப்பியத் துரைமார் சிறைப்பட்டோ தப்பியோ போய்விட்டனர். ரப்பர் ஏற்றுமதி நின்றது. பாலுக்கு விலையில்லை, ஆகவே பால்வெட்டுபவனுக்குக் கூலியில்லை. அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. தோட்ட மக்கள் வேலைக்கு ஏங்கி நின்ற வேளையில்தான் ரயில்பாதை வேலைக்கு ஆள் தேடும் படலம் தொடங்கியது.

பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைகளுக்குத் தளவாடங்களை ரங்கூன் வழியாகக் கடலில் அனுப்புவது, நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்களால் ஆபத்தாக இருந்தது. எனவே சயாமின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்திற்கு, மலையையும் காட்டையும் ஊடறுத்து ஒரு பாதை அமைக்க 1942-ன் நடுவில் முடிவாயிற்று. அதற்கு வேண்டிய தண்டவாளங்களில் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டது. தண்டவாளத்தோடு மனிதரும் சென்றனர்.

நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு, மூன்று மாதத்தில் வீடு திரும்பலாம் என்ற வாக்குறுதிகளை நம்பி முதலில் பலர் போயினர். போனவர் திரும்பவில்லை, சேதியும் வரவில்லை. பிறகு வலிந்து பிடிக்கும் முறை வந்தது. தோட்டத்திற்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்கப்பட்டது. எவரை அனுப்புவது, எவரை நிறுத்துவது என்பதைப் பல இடங்களில் கிராணிமாரும் கங்காணிமாரும் முடிவுசெய்தனர். சாலையில் நடந்தவர்களையும் சந்தைக்கு வந்தவர்களையும் பிடித்து லாரியில் ஏற்றியதாகப் பிழைத்து வந்தோர் பலர் சொல்லியிருக்கின்றனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். ஜொகூர்த் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல.

1943-ன் தொடக்கத்தில் வேலையைக் குறித்த காலத்திற்கு முன்பே முடிக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. அவ்வாண்டு பருவமழையும் கடுமையாக இருந்தது. மழையிலும் இரவிலும் வேலை தொடர்ந்தது. மே, ஜூன் மாதங்களில் காலரா முகாம் முகாமாகப் பரவியது. 1943 அக்டோபர் 17-ல் இரு முனைகளும் கொங்கோய்தா என்னுமிடத்தில் இணைந்தன.

இந்த விவரங்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இங்கே ஒரு திட்டம் இருந்தது என்பதில் ஐயமில்லை. அதற்கு நீளம் இருந்தது, முடிவு நாள் இருந்தது, உத்தரவிட்ட தலைமையகம் இருந்தது, ஆள் கணக்கு எழுதிய கையும் இருந்தது. தலையில் எழுதப்படுவதற்கு முன்னால் அது காகிதத்தில் எழுதப்பட்டது.

பழந்தமிழர் கண்ட விடைகள்

துன்பம் ஏன் வருகிறது என்னும் கேள்வி தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றில் அருகருகே அமைந்த இரு பாடல்கள் இரு வேறு விடைகளைத் தருகின்றன. கணியன் பூங்குன்றனாரின் 192-ஆம் பாட்டு, நன்மையும் தீமையும் பிறரால் வருவனவல்ல என்றும், உயிர் ஆற்றுவெள்ளத்தில் மிதக்கும் தெப்பம்போல முறைவழிச் செல்கிறது என்றும் கருதுகிறது. இதனை விதிக்கொள்கையின் உறைவிடமாகப் பலர் காட்டுவர். ஆயின் அப்பாட்டு எங்கே போய் முடிகிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. முறை இதுவாதலின் பெரியோரைக் கண்டு வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்பதே அதன் முடிபு. தாழ்ந்து கிடப்பவனைப் பார்த்து, "உனக்கு உரியது உனக்கு வந்தது" என்று சொல்ல அப்பாட்டு இடந்தரவில்லை.

பக்குடுக்கை நன்கணியாரின் 194-ஆம் பாட்டு வேறு வழியிற் செல்கிறது. ஒரு வீட்டில் சாப்பறை. மற்றொரு வீட்டில் மணமுழவு. இவ்வாறு உலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்றே அப்புலவர் கூறிவிடுகிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே படைத்தவனைக் கேள்வி கேட்கும் துணிவு தமிழில் இருந்தது என்பதற்கு இது சான்று.

திருவள்ளுவர் ஊழுக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அதன் வலிமையையும் ஒப்புக்கொண்டார். அவரே ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தில், தெய்வத்தால் ஆகாத இடத்திலும் முயற்சிக்குக் கூலி உண்டு என்றார். இரவச்சம் என்ற அதிகாரத்தில், பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றிருந்தால் அப்படி உலகை இயற்றியவன் அலைந்து கெடட்டும் என்று சபிக்கவும் செய்தார். வறுமையை இறைவனின் ஏற்பாடு என்று நியாயப்படுத்துவோர்க்கு இதைவிடக் கடுமையான மறுப்புக் கிடைத்தல் அரிது.

பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் காட்டும் 37-ஆம் குறள், உரையாசிரியரிடையே நெடிய விவாதத்திற்கு இடமாயிற்று. அறத்தின் பயனை நூல்களைக்கொண்டு விளக்க வேண்டுவதில்லை, இவ்விருவரையும் பார்த்தாலே தெரியும் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். இவ்விருவரையும் காட்டி, "அறத்தின் பயன் இதுவே" என்று சொல்லாதீர்கள் என்பது பிற்காலத்தார் சிலர் கொண்ட பொருள். இலக்கணத்தைக்கொண்டு எது சரியென வாதிடுவோர் வாதிடட்டும். முதற்பொருள் பல்லக்கில் இருப்பவனுக்கு இனிக்கும். இரண்டாம் பொருள் தோள்வலி கண்டவனுக்கு இனிக்கும். துன்பத்திற்குக் காரணம் கூறும் எந்தக் கொள்கையையும், அதைச் சொல்பவர் பல்லக்கிற்கு உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று பார்த்தே எடைபோட வேண்டும்.

சித்தாந்தத்தின் நிலை

விதிக்கொள்கையை மிக ஒழுங்காக ஆராய்ந்தது சைவ சித்தாந்தம். உயிர் முன்செய்த வினைத்தொகுதி சஞ்சிதம். அதில் இப்பிறவிக்கு வந்து நுகரப்படுவது பிராரத்தம். இப்போது புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். இறைவன் வினைப்பயனை ஊட்டுவது பழிவாங்குவதற்காக அன்று. உயிரைப் பக்குவப்படுத்தி மலப்பிணியை நீக்குவதற்காகவே. மருத்துவன் புண்ணை அறுப்பது போன்றது இது என்று கூறி, இதனை மறக்கருணை என்பர்.

இக்கொள்கையின் ஆழத்தை மறுப்பதற்கில்லை. துன்பத்தில் துவண்ட எத்தனையோ உள்ளங்களை அது தாங்கியிருக்கிறது. ஆயினும் சயாம் காட்டில் நடந்ததற்கு இதைப் பொருத்தும்போது இரண்டு செய்திகளை மறக்கலாகாது.

ஒன்று, தண்டனையால் திருந்த வேண்டுமாயின் குற்றம் இன்னதென்று தண்டிக்கப்படுபவனுக்குத் தெரிய வேண்டும். வகுப்பில் ஒரு பையனை, செய்த தவறு எதுவென்று சொல்லாமலே அடித்தால் அவன் கற்றுக்கொள்வது அச்சத்தை மட்டுமே. முற்பிறவியை நினைவில் கொண்டு எவரும் முகாமுக்குப் போகவில்லை. பெற்றோருடன் சென்ற குழந்தைகளும் அங்கே இருந்தனர்.

மற்றொன்று இதனினும் முக்கியமானது. அடிபடுபவன் தன் பிராரத்தத்தை நுகர்கிறான் என்றே வைத்துக்கொண்டாலும், அடிப்பவன் அந்நேரத்தில் ஆகாமியத்தைச் சேர்க்கிறான் என்பதும் அதே சித்தாந்தம். "நீ படவேண்டியதைத்தான் நான் கொடுத்தேன்" என்று கொடுமை செய்தவன் தப்பித்துக்கொள்ள வினைக்கொள்கை ஒருபோதும் வழிவிட்டதில்லை. ஆகவே விதியைச் சொல்லிக் குற்றத்தை மறைப்பவர் நாத்திகர்க்கு மட்டுமல்ல, சித்தாந்திக்கும் மாறுபட்டவரே.

லிஸ்பனும் திருநெல்வேலியும்

இவ்விவாதம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 1710-ல் ஜெர்மானிய தத்துவ ஞானி லைப்னிட்ஸ், இறைவன் படைக்கக்கூடிய உலகங்களுள் மிகச் சிறந்தது இதுவே என்று ஒரு நூலில் வாதிட்டார். 1755 நவம்பர் 1-ஆம் நாள், சகல புனிதர் திருநாளன்று, போர்ச்சுகலின் லிஸ்பன் நகரைப் பூகம்பம் தகர்த்தது. வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்கள்மீது தேவாலயங்கள் இடிந்து விழுந்தன. தீயும் கடற்பெருக்கும் எஞ்சியதை அழித்தன. எல்லாம் நன்மைக்கே என்ற கொள்கையைக் கண்டித்து வால்டேர் ஒரு நெடுங்கவிதை எழுதினார். அதற்கு ரூசோ எழுதிய மறுமொழி கருதத்தக்கது. பூமியை அசைத்தது இயற்கையாயினும், ஆறேழு மாடி வீடுகளை நெருக்கிக் கட்டியது இயற்கையன்று. அது மனிதன் செய்தது என்றார் அவர். கடவுளை விசாரிப்பதற்குமுன் மனிதனின் பங்கைக் கணக்கிட வேண்டும் என்பது அவர் கருத்து.

தமிழ்நாட்டு மண்ணிலும் இவ்வழக்கு ஒருமுறை எழுந்தது. 1934 ஜனவரி 15-ல் பீகாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்து பல்லாயிரவர் மாண்டனர். அப்போது ஹரிஜன யாத்திரையில் இருந்த காந்தியடிகள், அம்மாதம் 24-ஆம் நாள் திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்ற பாவத்திற்காக இறைவன் அனுப்பிய தண்டனை இது என்றார். தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்பதில் காந்தியடிகளோடு முழுதும் ஒன்றுபட்ட ரவீந்திரநாத தாகூர் இதை ஏற்கவில்லை. இயற்கை விபத்துக்கு இயற்கைக் காரணமே உண்டு என்றார். மேலும், இத்தகைய வாதம் காந்தியின் எதிரிகளுக்கே அதிகம் பயன்படும். சனாதனிகள் இதே பூகம்பத்தைக் காட்டிக் காந்தியின் இயக்கத்தையே குற்றஞ்சாட்டலாம் என்று எச்சரித்தார். உயர்ந்த நோக்கத்துடன் சொல்லப்பட்டாலும், பிறர் துன்பத்திற்கு இறைவன் பெயரால் காரணம் கூறுவது இரு முனையும் கூரிய கத்தி என்பதைத் தாகூர் உணர்த்தினார்.

வடலூரில் கிடைத்த பதில்

தத்துவ விவாதமாக மட்டும் நில்லாமல், செயலாகவும் வந்த பதில் ஒன்று உண்டு. அது வடலூர் இராமலிங்க அடிகள் தந்தது. 1867-ஆம் ஆண்டு மே 23-ல் அவர் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருவதும், வருவோர்க்கெல்லாம் உணவு வழங்கப்படுவதும் யாவரும் அறிந்ததே.

பசித்தவன் தன் முன்வினையால், இறைவன் ஆணைப்படி பசிக்கிறான். அவனுக்குச் சோறிடுவது அவ்வாணைக்கு விரோதமாகாதா என்ற ஐயத்தை அடிகள் தம் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் தாமே எழுப்பி விடை கூறுகிறார். அரசனுடைய கட்டளையை மீறிய கொடிய குற்றவாளியைச் சிறையில் அடைத்தாலும், அவனுக்கும் அரசன் தன் சேவகரைக்கொண்டு உணவளிக்கவே செய்கிறான். அதுபோலக் கடவுளும் தண்டனைக்கு உரியவர்க்கும் உணவு கிடைக்கவே செய்கிறார். ஆதலின் பசித்தவர்க்கு உணவிடுவது கடவுளுக்கு விரோதமன்று, உகந்ததே என்பது அவர் விடையின் சாரம்.

இந்த விடையின் சிறப்பு என்னவெனில், அடிகள் வினை இல்லை என்று வாதாடவில்லை. வினை உண்டென்றே கொண்டாலும், துன்புறுபவன்முன் நிற்கும் நம் கடமை அதனால் ஓர் அணுவும் குறையாது என்று நிலைநாட்டினார். துன்பத்தின் காரணம் தெரிந்த பிறகுதான் உதவலாம் என்று காத்திருப்பவனுக்கு வடலூர் அடுப்பில் இடமில்லை.

அடிகள் 1874-ல் மறைந்தபின் இரண்டே ஆண்டில் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் சுடுகாடாயிற்று. மழை பொய்த்தது உண்மை. ஆனால் பட்டினியால் மெலிந்து நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877-ல் கூலியைக் குறைத்தது சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி. அந்த அளவு உயிரைத் தாங்காது என்று சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். வானம் செய்தது எவ்வளவு, அலுவலகம் செய்தது எவ்வளவு என்று அக்காலத்திலேயே பிரித்துப் பார்த்தவர் இருந்தனர். அப்பஞ்சமும் அதன்பின் தொடர்ந்த வறுமையும் உந்தக் கப்பலேறியோரின் வழித்தோன்றல்களே பின்னர் மலாயாத் தோட்டங்களில் பெருகியவர்கள். அவர்கள் சயாம் சேர்ந்த கதையின் முதல் ஏடு அங்கே இருக்கிறது.

ஒரே மழை, இரு கணக்கு

மீண்டும் ரயில்பாதைக்கு வருவோம். அங்கே 60,000-க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளும் வேலை செய்தனர். அவர்களுள் 12,000-க்கு மேற்பட்டோர், ஏறத்தாழ ஐவரில் ஒருவர், மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சம் வரை இருந்தனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடுவர்.

அதே மழை, அதே காடு, அதே காலரா, அதே காவலர். சாவின் விகிதம் ஏன் இப்படி வேறுபட்டது? போர்க்கைதிகளிடம் தங்கள் அதிகாரிகள் இருந்தனர்; மருத்துவர் இருந்தனர்; கொதிக்கவைத்த நீரையே குடிப்பது, கழிப்பிடத்தைத் தள்ளித் தோண்டுவது என்ற கட்டுப்பாடு இருந்தது. அவர்களிலும் சில அணிகள் பாதிக்குச் சற்றுக் குறைவாக அழிந்தன என்பது மெய். ஆயினும் மொத்தத்தில் அக்கட்டுப்பாடு உயிர் காத்தது. தோட்டத்திலிருந்து சென்ற தமிழனுக்கோ தலைவன் இல்லை, மருந்து இல்லை, அவன் மொழியறிந்து எச்சரிப்பாரும் அரிது. தாகத்திற்கு ஓடைநீரைக் குடித்தான். காலில் பட்ட மூங்கில் கீறல் எலும்புவரை அழுகும் புண்ணாயிற்று. 1943-ன் நடுவில்தான் போர்க்கைதிகளிலிருந்து மருத்துவரும் துணையாளருமாக 300-க்கு மேற்பட்டோர், கே படை, எல் படை என்ற பெயர்களில், தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கும் போதிய மருந்து தரப்படவில்லை.

இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நீரைக் கொதிக்கவைத்தால் குறைகிற சாவை விதி என்று எப்படிச் சொல்வது? இறைவனின் ஏற்பாடு முகாமுக்கு முகாம் கழிப்பிடத்தின் ஆழத்தைப் பொறுத்து மாறுமா? வேறுபாடு மனிதரின் அக்கறையிலும் அலட்சியத்திலும் இருந்தது.

விதவை ஒருத்தி லயத்து வாசலில் உட்கார்ந்து, "என் தலையெழுத்து" என்று அழுதாளானால் அவளோடு வாதாட எவர்க்கும் உரிமையில்லை. அவளுக்கு அச்சொல் ஊன்றுகோல். அக்கோல் இன்றி அவள் மறுநாள் காலைப் பிரட்டுக்கு எழுந்து போயிருக்க முடியாது. ஆனால் அதே சொல்லை, அவள் கணவனைப் பட்டியலில் எழுதியவன் சொன்னால் அது ஒளிந்துகொள்ளும் மறைவிடம். அவளுக்கு இழப்பீடு தரவேண்டியவர் சொன்னால் அது கதவடைப்பு. சரித்திரம் எழுதுபவர் சொன்னால் அது சோம்பல். சொல் ஒன்றே, சொல்லும் வாய் மாறும்போது பொருள் மாறிவிடுகிறது.

நடுகல்

காஞ்சனபுரியிலும் தான்பியூசாயாட்டிலும் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, புல் வெட்டிப் பேணப்பட்டு நிற்கின்றன. பெரும்பாலான கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு பொறிக்கப்பட்டுள்ளன. காட்டில் புதைந்த தமிழனுக்கு அப்படியொரு கல் இல்லை. பெயர்ப்பட்டியலில் இருந்து முகாமுக்குப் போனவன், பெயரின்றியே மண்ணுக்குப் போனான். தலையெழுத்து என்ற சொல் செய்த பெருந்தீங்கு இதுவே. காரணம் தெரிந்துவிட்டதாக எண்ணியதால் கணக்குக் கேட்கும் வேகம் குன்றிற்று. கணக்குக் கேளாததால் பெயர்கள் மறைந்தன.

இக்குறையை நீக்க முயன்றோரும் உளர். பிழைத்து மீண்டோரின் வாய்மொழிகள் பதிவாகியிருக்கின்றன. ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில் என்ற நாவல் இத்துயரைத் தமிழ் வாசகர்முன் வைத்தது. 2023-ஆம் ஆண்டில், காஞ்சனபுரியின் வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்தர் கோயிலில், மலேசியாவிலிருந்து சென்ற ஆர்வலரின் முயற்சியால் மாண்ட தொழிலாளருக்கு ஒரு நினைவுக்கல் எழுந்தது. அதற்கு நடுகல் என்றே பெயரிட்டனர். போரில் வீழ்ந்தவன் பெயரையும் பீடையும் கல்லில் எழுதி நட்டது பண்டைத் தமிழர் மரபு. தலையில் எழுதியதாகச் சொல்லப்படுவதை எவரும் படித்ததில்லை. கல்லில் எழுதியதை எல்லாரும் படிக்கலாம்.

மாசாய் வட்டாரத்துப் பால்மரங்கள் பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட்டன. லயங்களும் போயின. ஆயினும் பாட்டன் சயாமுக்குப் போனார், வரவில்லை என்ற ஒற்றை வரி இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த வரியோடு நில்லாமல், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாருடன் போனார் என்று பிள்ளைகள் கேட்டு எழுதி வைக்க வேண்டும். ஆண்டவனின் நோக்கம் என்னவென்று அறியும் ஆற்றல் மனிதனுக்கு உண்டோ இல்லையோ, மனிதன் செய்ததை அறியும் ஆற்றல் அவனுக்கு உண்டு. அதை அறிந்து முடிக்குமுன் ஆண்டவன்மேல் பழியையோ பொறுப்பையோ ஏற்றுவது பக்தியும் ஆகாது, அறிவும் ஆகாது.